சாக்குக் கன்று

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் தையற்கலை இறுதித் தேர்வுக்கு நான் வெளித்தேர்வாளராகப் போனேன். அடைத்துத் தைத்த உருவம் ஒன்றை மாணவிகள் செய்து வைக்க வேண்டும். மேசையெல்லாம் வெல்வெட் யானைகளும் முயல்களும் இருந்தன.

தாவணி முனையில் ஊசி குத்தி வைத்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி, தரையில் ஒரு கன்றுக்குட்டியை நிறுத்தியிருந்தாள். பழைய சாக்கில் தைத்து, வைக்கோல் அடைத்தது. கழுத்து ஈரமாக இருந்தது.

“என்னம்மா இது, இப்படி நாறுது?”

“எங்க பசு நக்கினது சார். அதோட கன்னு செத்துடுச்சு. கன்னு படுத்திருந்த சாக்குலயே தைச்சேன். இப்ப இத நக்கிகினேதான் பால் குடுக்குது.”

“விதியில புதுத் துணின்னு இருக்கே.”

“புதுத் துணின்னா மாடு கிட்டயே வராது சார்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தையலைப் பார்க்காமலே தோல்வி என்று எழுதினேன். அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. அவள் கேட்டது ஒன்றுதான்: “சாயந்திரம் கறக்கணும் சார், இத எடுத்துகினு போலாமா?”

மறு வருடமும் என்னையே அனுப்பினார்கள்; என் பெயரை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அவள் இன்னொரு சாக்குக் கன்றோடு வந்திருந்தாள். இம்முறை குனிந்து பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியாத தையல். முழு மதிப்பெண் போட்டேன்.

“உங்க மாடு எப்படி இருக்கு?”

“அது மறுபடி கன்னு போட்டுடுச்சு சார். இது அடி அண்ணாமலையில வேற வீட்டு மாட்டுக்கு. இதோட நாலு தைச்சுட்டேன்.”

ஒரு யானை தைத்திருந்தால் அவள் சுலபமாகத் தேறியிருப்பாள். தேர்வாளர் நான்தான் என்று தெரிந்தும் கன்றோடு வந்தாளே, என்னிடம் எதைக் கண்டு நம்பினாள் என்பது இந்த வயதிலும் பிடிபடவில்லை.