சிங்கம்புணரியோடு நின்றுபோன நடை

மாத்திரையை நிறுத்திவிட்டு வீடு திரும்பியவனுக்கு ஊரில் எல்லோருமே டாக்டர்கள். "மனச ஸ்ட்ராங்கா வச்சுக்கங்க" என்றார் பால்காரர். "காலையில வெந்நியில சீரகத்தப் போட்டுக் குடிச்சுப் பாருங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். மனசு என்ன, ஸ்பேனர் வைத்து முறுக்குகிற நட்டா? காரைக்குடியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். முறுக்கினால் சரியாகிற எதையும் எனக்கு முறுக்கத் தெரியும். இது அப்படிப்பட்ட சாமான் இல்லை என்று ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

என் கதை பெரிய கதையில்லை. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் மாடிப்படியில் ஃப்ரிட்ஜ் ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் சில நாட்களுக்கு என்று எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, முதுகு சரியான பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாமல் போனபோதுதான் அது அபின் குடும்பத்து மாத்திரை என்று தெரிந்தது. மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் தங்கி அதை விட்டொழித்தேன். நடுக்கம், வியர்வை, வயிற்றுக் கலக்கம் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டன. இனிமேல்தான் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை.

துக்கம் என்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தாலும் தேவலையே! சட்டைக்குப் பித்தான் போட அலுப்பு. பாதி போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் மீதியைப் போட மதியம் ஆகும். கடை ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, அதற்குமேல் தூக்க மனமில்லாமல் குனிந்தே உள்ளே போவேன். இதற்கு நடுவில், ஒரு காரணமும் இல்லாமல், பல் விளக்கும்போதோ செருப்புத் தேடும்போதோ, "ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன?" என்று உடம்பு கேட்கும். மனசு கேட்பதில்லை, உடம்பேதான் கேட்கும். முழங்கை, பிடரி, நாக்கின் அடி எல்லாம் சேர்ந்து கேட்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று மையத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போகத்தான் செய்யும். ஆனால் போனது திரும்பி வராது என்று யாரும் சொல்லவில்லையே.

அரியக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. கறி வைக்காத ஞாயிறு அவளைப் பொறுத்தவரை ஞாயிறே கிடையாது. நல்லி எலும்பைத் தட்டில் டக் டக்கென்று தட்டி உறிஞ்சுகிற சத்தத்தை வைத்தே அவள் வீட்டில் சாப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியும். நான் மதுரையிலிருந்து வந்த முதல் ஞாயிறு, தூக்குவாளி நிறையக் கறிக்குழம்போடு பஸ் ஏறி வந்துவிட்டாள். நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். இரண்டு வாய் வைத்தேன். ஈரக் காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது. ருசி என்று ஒன்று இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதுவரை தைரியமாக இருந்த அக்கா அங்கேதான் உடைந்துபோனாள். "ஆத்தி! என் தம்பி கறிக்கொழம்ப வச்சுட்டு எந்திரிச்சுட்டானே! இவன் தேறவே இல்லடி" என்று என் மனைவியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படியே எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, "முருகா, எந்தம்பிய நேராக்கிக் குடு. தைப்பூசத்துக்கு அவனையும் கூட்டிக்கிட்டுப் பழனிக்கு நடந்தே வாரேன்" என்று வேண்டிக்கொண்டாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, எனக்கு இங்க இருக்குற பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவே தெம்பில்ல."

"நடந்தாத்தேன்டா தெம்பு வரும். வீட்டுக்குள்ளயே மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்தா என்னத்த வரும்? மொதல்ல அந்த ராத்திரி மாத்திரைய நிப்பாட்டு. மாத்திரைய விட்டவனுக்கு எதுக்குடா மாத்திரை?"

அது மனச்சோர்வுக்கு மையத்து டாக்டர் கொடுத்தது, நிறுத்தக்கூடாது என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அக்காவுக்கு எல்லா மாத்திரையும் ஒன்றுதான், அவள் போடுவதைத் தவிர.

மாலை போட்டுக்கொண்டோம். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் பழனியில் முருகனைப் பார்த்துக் கழற்றும்வரை கறி மீன் கிடையாது. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அக்காதான் பாவம், முதல் ஞாயிறே கருவாட்டுக் கடையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

நடை ஆரம்பித்து குன்றக்குடி தாண்டுவதற்குள்ளேயே எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. சுற்றிலும் பச்சை வேட்டி, பச்சைச் சேலை, அரோகரா, ஸ்பீக்கர் கட்டிய வேன். எல்லோரும் சந்தோஷமாக நடக்கிறார்கள். சந்தோஷமாக இருப்பவர்களைப் பார்த்தால் அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். போதாக்குறைக்கு வழி நெடுக உபசாரம். "வாங்கண்ணே, எங்கேருந்து வாரீக? உக்காருங்க, சுக்குக்காபி குடிங்க, கால் வலிக்கா? இந்தாங்க, வலி மாத்திரை." சுண்டலைப் போல மாத்திரையைத் தட்டில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து கொடுக்கிறார்கள். அவை சாதாரண வலி மாத்திரைகள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அட்டையைக் கிழிக்கிற சத்தத்துக்குச் சாதாரணம், விசேஷம் என்றெல்லாம் கிடையாதே. அந்தச் சத்தம் கேட்டதும் வாயில் எச்சில் ஊறும். பாதயாத்திரை அனுப்ப வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று முருகனையே திட்டினேன்.

மாத்திரைத் தட்டைப் பார்த்தாலே அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்துவிடுவாள். "அவனுக்கு வேணாம்! அவன்கிட்டக் காட்டாதீக! அங்குட்டுக் கொண்டு போங்க!" கொடுக்க வந்த பிள்ளைகள் மிரண்டு போவார்கள். நடக்கிறவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். மானம் போனது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லேன்க்கா" என்றால், "எனக்கு என்னடா வெக்கம்?" என்பாள்.

சிங்கம்புணரிக்கு வந்து சேர்ந்த காலையில் அக்காவின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. முந்தின நாள் மதியத்திலிருந்தே இழுத்து இழுத்துத்தான் நடந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ரோட்டோரம் பந்தல் போட்டு, ஒரு மூலையில் நர்ஸோடு மருத்துவ முகாமும் வைத்திருந்தார்கள். ஜமுக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்தவள், பையை என்னிடம் தள்ளினாள். "உள்ள தைலம் கெடக்கு, எடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

பைக்குள் கையை விட்டேன். விபூதிப் பொட்டலம், சீப்பு, துண்டு. அதற்குக் கீழே விரலில் அட்டை தட்டியது. வெளியே எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, என் விரலுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன். அதே பெயர். நான் தின்ற அதே மாத்திரை.

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கொட்டாவி வந்தது, கண்ணில் நீர் வந்தது. இத்தனை வாரமாகச் செத்துக்கிடந்தவன் ஒரே நொடியில் முழித்துக்கொண்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொண்டாட்டி பேசினால் முழிக்காத மனசு, அந்த அட்டையைக் கண்டதும் துள்ளி எழுந்தது. அட்டையை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று எழுந்தேன். அக்கா பேச்சு சுவாரசியத்தில் தலையை ஆட்டினாள்.

பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஒரு மாத்திரையை உள்ளங்கையில் பிதுக்கினேன். குழாயைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போது எனக்கு ஞானமும் வரவில்லை, முருகனும் வரவில்லை. வந்தது கோபம். ஊரார் தட்டையெல்லாம் விரட்டி என் மானத்தை வாங்கினாயே, உன் பையில் என்ன வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்காமல் விடக்கூடாது என்று ஒரு வெறி. மாத்திரையைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் வாய்க்குக் கொண்டுபோகக் கை தானாக எழும்பியது.

அட்டையை அக்காவின் மடியில் போட்டேன். "இது என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"என் முட்டி மாத்திரடா. எலும்பு டாக்டர் குடுத்தது. ரொம்ப வலிச்சா ஒண்ணு போடச் சொன்னாரு."

"இதுதேன்க்கா."

"எது இதுதேன்?"

"நான் தின்னது. இதுதேன்."

அக்கா அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மனசில் போதை என்றால் பொடி, ஊசி, சந்தில் நின்று விற்கிற ஆள். "இது டாக்டர் குடுத்ததுடா" என்றாள், ஏதோ நான் தப்பாகச் சொல்லிவிட்டதுபோல.

"எனக்கும் டாக்டர்தேன் குடுத்தாரு." கையை நீட்டினேன். "ஒண்ணு இதுல இருக்கு. புடுங்கிக்க. வெரசாப் புடுங்கிக்கக்கா, என்னால விரிக்க முடியல."

வீங்கிய காலோடு முட்டிபோட்டு எழுந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வியர்வையில் மாத்திரையின் சாயம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. மாத்திரையை எடுத்த பிறகும் விடாமல், சேலைத் தலைப்பில் எச்சிலைத் தொட்டு அந்தச் சாயம் போகும்வரை துடைத்தாள். பக்கத்தில் இருந்த அம்மா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்ச மாத்திரைகளையும் பிதுக்கிச் சுக்குக்காபி டம்ளரில் போட்டுக் கரைக்க ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணு போட்டுக்கக்கா. ஒனக்கு அது மருந்துதேன். மிச்சத்த இங்க இருக்குற நர்சுகிட்டக் குடுத்துருவோம். ஒன்னால நடக்க முடியும், வேண்டுதலும் நெறவேறும்." நான் மனதாரத்தான் சொன்னேன்.

"ஒரு மாத்திரைல பழனி வந்துருமா? நாளைக்கும் வேணும், அதுக்கு மறுநாளும் வேணும். நான் நர்சத் தேடித் தேடி வாங்கிப் போடுவேன், நீ என் வாயப் பாத்துக்கிட்டே நடப்ப. இதுக்கா ஒன்னக் கூட்டியாந்தேன்?"

டம்ளரைச் சாக்கடையில் கொட்டினாள். அந்த நேரத்திலும் என் கண் டம்ளரோடு போய்விட்டு வந்தது. முகாம் நர்ஸ் வந்து முழங்காலை அமுக்கிப் பார்த்து, இந்த வீக்கத்தோடு ஒரு அடி நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸிலேயே பழனிக்குப் போய்விடலாமே என்றேன். "நடந்து வாரேன்னு சொன்னவ, பஸ்ல போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னாடி நிப்பேன்?" என்றாள்.

காரைக்குடி பஸ்ஸில் ஏறினோம். எதிரே கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அக்கா ஜன்னலில் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டில் வந்து கேட்டவர்களிடம் எல்லாம், "என் முட்டி சதி பண்ணிருச்சு" என்றாள். நான் பொத்தியிருந்த கையைப் பற்றி ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. என் மனைவியிடமும் மையத்து டாக்டரிடமும் நானே சொன்னேன். திரும்பிப் போய்க் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம் என்றார் டாக்டர். எனக்கு அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாளும் பித்தான் போட அலுப்பாகத்தான் இருந்தது.

ஊர்க் கோயிலில் என் மாலையைக் கழற்றிவிட்டேன். அக்கா கழற்றவில்லை. நீயும் இங்கேயே கழற்றிக்கொள் என்றால், "பழனியில கழட்டுறேன்னு போட்டது. முட்டி நேராகட்டும், நீயும் நேராகு, சேந்து நடப்போம்" என்றாள். தைப்பூசம் முடிந்து பங்குனியும் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் தூக்குவாளியில் எங்களுக்குக் கறிக்குழம்பு கொண்டுவருகிறாள், அவளுக்கு ரசமும் அப்பளமும். மாலையைப் போட்டுக்கொண்டு கறிச்சட்டியைத் தொடலாமா என்று அத்தான் கேட்டதற்கு, "திங்கத்தேன் கூடாது. மத்தத நான் முருகன்கிட்டப் பேசிக்கிடுறேன்" என்று அவர் வாயை அடைத்துவிட்டாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாரம் போதாதென்று இவள் பாரமும் என் தலையிலா? "எனக்காக ஒண்ணும் நீ பட்டினி கெடக்க வேணாம்" என்று ஒரு ஞாயிறு கத்தினேன். அக்கா கோபப்படவில்லை. வாளி மூடியைத் திறந்தவள், வாசனையில் ஒரு நிமிடம் அப்படியே நின்று எச்சில் விழுங்கினாள்.

"ஆசையா இருக்கா?" என்றேன்.

"பின்ன? எனக்கு என்ன நாக்கு செத்தா போச்சு? எரிச்சல் எரிச்சலா வருது. ஒன்மேலயும் வருது, அந்த முருகன்மேலயும் வருது." இலையில் குழம்பை ஊற்றினாள். "ஒனக்கு?"

மதுரையிலிருந்து வந்த நாளாக இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "இருக்குக்கா. மாத்திர ஆசை இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சு."

மனசை ஸ்ட்ராங்காக வைத்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை. "சரி, சாப்புடு" என்றாள்.

ஒரு வாய் வைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன். "உப்பே இல்லக்கா" என்றேன்.

அக்கா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டே, "போன வாரமும் அப்படித்தேன் இருந்துச்சு மதினி. மாலையப் போட்டுக்கிட்டு நீங்க வாயில வச்சு உப்புப் பாக்க முடியாதுல்ல... சொன்னா வருத்தப்படுவீகன்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அப்ப இத்தன வாரமா உப்பில்லாததத்தேன் தின்னியாடா?"

"எனக்குத் தெரியலக்கா."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தெரியுது."

அக்கா உப்பு எடுத்துவர அடுக்களைக்குள் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.