மூன்றாவது களைக்கொத்து

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு துண்டு நிலம். நாங்கள் குடிவந்தபோது அதை மண் என்று சொன்னால் மண்ணுக்குத்தான் அவமானம். செங்கல் உடைசலும் சிமெண்டுக் கட்டியும்தான் கிடந்தன. என் மனைவி பதினெட்டு வருஷமாக வேப்பஞ்சருகும் காய்கறித் தோலும் போட்டுப் போட்டு அதை மண்ணாக்கினாள். அந்தப் பதினெட்டு வருஷமும் நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன்.

அவள் கருவி ஒரு குர்பி. உள்ளங்கை அகலத் தகடு, ஒரு சாண் மரப்பிடி, அவ்வளவுதான். டெல்லியில் எந்தத் தோட்டக்காரர் கையிலும் அதுதான் இருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் குந்தி உட்கார்ந்து கோரையைக் களைவாள். இழுக்க மாட்டாள், வெட்டவும் மாட்டாள். குர்பியின் முனையைப் பக்கவாட்டில் இறக்கி, அடியிலிருக்கும் கிழங்கோடு நெம்பித் தூக்குவாள். அதை எருக்குழியில்கூடப் போடாமல் ஒரு பெயிண்ட் டப்பாவில் சேர்த்து வெயிலில் காயவைப்பாள். “மேல வெட்டுனா ஒண்ணு நாலாயிருமுங்க, கெழங்கோட எடுக்கோணும்” என்று ஒருமுறை சொன்னாள். அலுவலகத்தில் வரும் கடிதங்களுக்குத் தலையாட்டுவதுபோல அதற்கும் தலையாட்டினேன். சுவரோரத்தை மட்டும் அவள் களைவதில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் குர்பி அவள் இடது கைவிரலில் பட்டது. ஒரு வாரத்தில் மறுபடியும் பட்டது. மூன்றாம் முறை பட்டபோதுதான் வலது கை நடுங்குவதைக் கவனித்தேன். டாக்டர் நரம்பு நோய் என்றார். மெதுவாகத்தான் போகும், ஆனால் முன்னால்தான் போகும், திரும்பி வராது என்றார். இந்த விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக நான் கருவியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்குத்தான் ஆடத் தெரியுமே, கூடத்தை நிமிர்த்திவிட்டால் போதும் என்று நினைத்த அதிமேதாவி நான்.

ரிங் ரோடு ஓரத்தில் கூடாரம் போட்டிருக்கும் கொல்லர்களிடம் போய், பிடி தடித்த குர்பி ஒன்றை அடிக்கச் சொல்லி வாங்கினேன். பிடியின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன். நழுவவில்லை. குளிர்காலம் முழுக்க அதை வைத்து வெந்தயக்கீரைப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் குந்தியவள் எழ முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை யாரையும் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்ததாம்.

சித்திரையில் ஈரோட்டில் ஒரு கல்யாணம். திரும்பும்போது நம்மூர்க் களைக்கொத்து ஒன்றைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். குந்த வேண்டாம், குனிந்தால் போதும். ஆனால் நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. இரண்டே நாளில் அந்தக் கொத்து பின்கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

மூன்றாவதை ஆன்லைனில் வரவழைத்தேன். ஆள் உயரப் பிடி, லேசான எடை, அடியில் தட்டையான தகடு. நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளினால் தகடு மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில் ஓடிக் களையை அறுத்துவிடும். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். கை ஆட, பிடி ஆட, தகடும் தானாக முன்னும் பின்னும் போனது. அவள் சிரித்தாள். “நடுக்கத்துக்கும் ஒரு வேலை கெடச்சிருச்சுங்க.” அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டதாகவே நம்பினேன். பத்துப் பதினைந்து நாள்தான். அப்புறம் கால் எட்டு வைக்க மறுத்தது. நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டாற்போல் நிற்பாள். கொத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உள்ளே வருவாள்.

ஆவணியில் நல்ல மழை. கோரை கரும்பச்சையாக எழும்பியது. அவளால் ஒன்றும் முடியவில்லையே என்று பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிறு காலை அவள் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது நீளக் கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் அறுத்துத் தள்ளினேன். சுவரோரத்தையும் விடவில்லை. கருவியைக் குறை சொல்ல முடியாது, வெண்ணெயில் கத்தி போல ஓடியது. எல்லாவற்றையும் அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினேன்.

அவள் சுவரோரத்தையே பார்த்தாள். அங்கே வருஷா வருஷம் தானாக முளைக்கும் மணத்தக்காளி இருந்ததாம். எங்கள் பக்கம் சுக்குட்டி என்போம். சுவரைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு பழமாகப் பறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாம்பாரிலும் வற்றலிலும் பதினெட்டு வருஷம் சாப்பிட்ட எனக்கு அதைச் செடியாகப் பார்த்தால் தெரியவில்லை. குரங்கு கையில் பூமாலை என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அவள் கோபப்படவில்லை. “எல்லாமே சுத்தமா இருக்குதுங்க. இனி நான் அங்க எதுக்குங்க போகோணும்?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

பத்தே நாளில் கோரை திரும்பி வந்தது. அவள் சொன்ன கணக்குத்தான், ஒன்று நாலாக. எருக்குழியிலும் வந்தது. சுக்குட்டி மட்டும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோரையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு மறுபடியும் ஒரு வேலை வந்துவிட்டதே என்று நினைத்தேன். நான் கை வைக்கவில்லை. அது முழங்கால் உயரம் வளர்ந்தது. மேல்வீட்டுக்காரர் கொசு வருகிறது, பாம்பு வரும் என்று இந்தியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஹாஞ்சி, ஹாஞ்சி என்று அவரை அனுப்பிவைத்தேன். குளிர் இறங்கினால் கோரை தானாகவே காய்ந்துவிடும். அதற்குள் அவள் ஒரு தடவையாவது இறங்கி வந்து திட்டினால் போதும் என்று இருந்தது.

நேற்றுக் காலை டியூப் சுற்றிய குர்பியைக் கழுவித் துடைத்து அவள் மடியில் வைத்தேன். சன்னலைத் திறந்து, கோரை எப்படி மண்டிக்கிடக்கிறது பார் என்றேன். பார்த்தாள். பிறகு குர்பியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடமே நீட்டினாள்.

“நீங்களே கொத்திப்போடுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருதுங்களே.”

அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.