கை மாறிய பட்டை

போன வருடம் மழை விட்ட சமயம். பீர்மேடு பக்கம் நாங்கள் கொழுந்து எடுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சோதித்துப் பார்க்க எங்களில் பத்துப் பெண்களுக்கு இரண்டு சாமான் கொடுத்தார்கள். ஒன்று, தோளிலும் இடுப்பிலும் மாட்டுகிற ஸ்பிரிங் பெல்ட். பொய் சொல்லக் கூடாது, அதைப் போட்டுக்கொண்டு கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் பாதிக் கனம்தான் தெரிந்தது. இன்னொன்று, நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கும் கைப்பட்டை. உடம்புக்கு முடியாமல் போனால் ஆபீசுக்கு உடனே தெரிந்துவிடுமாம்.

எங்களுக்கா தெரியாது? யார் உட்காருகிறார்கள் என்று வேவு பார்க்கத்தான் இது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். எனக்கு முழங்கால் வலி, அடிக்கடி உட்கார்ந்தே தீர வேண்டும். அதனால் பெல்ட்டை வைத்துக்கொண்டு, பட்டையை மட்டும் பக்கத்து வீட்டு மதினி கையில் கட்டிவிட்டேன். கொழுந்து எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. "கட்டு புள்ள, நான் எடுக்கிற எடுப்புல ஒன்னிய கங்காணி ஆக்கிருவாங்க" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை, பாறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். டிஸ்பென்சரி நர்ஸும் ஆபீசரும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். நர்ஸ் மலையாளத்துக்காரி. "சேச்சி, நெஞ்சு வலிக்குதோ? நெஞ்சிடிப்பு வல்லாதெ கூடுதலா காட்டுது!" என்று பதறினாள்.

நான் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், பட்டைதான் கோளாறு போல" என்றேன். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அவர்களும் நம்பிவிட்டார்கள். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர்கள் திரும்பி நடந்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் துடிப்பது மதினியின் நெஞ்சு அல்லவா!

"அய்யோ சார், பட்டை எங்கிட்ட இல்ல, மதினிகிட்ட இருக்கு!" என்று கத்திக்கொண்டே சரிவில் ஓடினேன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

செடிகளுக்கு நடுவே மதினி சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு வரவில்லை. ஜீப் நிற்கும் ரோடு மேலே இருந்தது. அவர்கள் இருவரும் பின்னால் தாங்கிப் பிடிக்க, பெல்ட் போட்டிருந்த நானே அவளை முதுகில் சுமந்து ஏறினேன். சாமி பேரெல்லாம் சொல்லி அழுதுகொண்டே ஏறினேன்.

"சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இனி பயமில்லை" என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவள் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எங் கொழுந்த எட போட்டாச்சா?" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆபீசர் திட்டியதோடு விட்டுவிட்டார். நான் கட்டிவிட்ட பட்டையால்தான் உயிர் பிழைத்ததாக மதினி எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் நல்லபடியாக நடமாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு குளிர்கிறது. கூடவே, அவர்கள் திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு உண்மை சொல்ல வாய் வந்தது என்பதும் நினைவுக்கு வந்து தலை குனிய வைக்கிறது.