குளவி மண் எடுக்கும் இடம்

தணிகாசலம் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரின் மூலையில், குளவிக்கூட்டின் எதிரே நின்றுவிட்டார். சுட்டுவிரல் நகத்தால் கூட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். மண் இன்னும் ஈரமாயிருந்தது. குளவி வந்தது, கொண்டுவந்த மண்ணுருண்டையை ஒட்டிவிட்டுப் பறந்தது. அது போன திக்கில் கண்ணை வைத்தபடி அவர் இருபது தப்படி நடந்தார். பூவரச மரத்தருகே அது மறைந்துபோயிற்று. அவர் திரும்பவில்லை. அடுத்த நடை அது அந்த வழியாகத்தானே போகவேண்டும்? மரத்தடியிலேயே நின்றார். குளவி மீண்டும் வந்து போயிற்று. இம்முறை பத்துத் தப்படி கூடுதலாகத் தெரிந்தது.

“பங்குனி வெயில்ல குளவிக்கு ஈர மண்ணு எங்கேர்ந்து கெடைக்குது, சொல்லுங்க வாத்தியாரய்யா? எவன் ஊட்டுத் தொட்டியாச்சும் வழிஞ்சிருக்கணும். இல்லாட்டி எங் கொழாயி ஒழுவுது” என்றார் என்னிடம்.

எங்கள் குடியிருப்பின் பதினேழு தெருக்களில் மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள் அனைத்தும் அவருக்கு ‘எங் கொழாயி’தான். எங்கள் ஊரான மூலக்குளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நீர் திறந்துவிடுபவர் அவர். வயது ஐம்பத்தைந்து. முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட காக்கிக் காற்சட்டை, சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு கட்டிய ஆளுயர இரும்புச் சாவி. காலை ஐந்தரைக்கு முதல் வால்வைத் திருகுவார். எட்டு மணிக்கு மூடுவார். ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயிலும் முதல் நீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்த பிறகே அடுத்த தெருவுக்கு நகர்வார். எந்த வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். கேட்டால், “கண்ணாலமாவாத பொண்ணு இருக்கிற ஊட்ல மாப்பிள்ள சாப்புடுவானா?” என்பார். அந்த உவமையின் பொருத்தம் எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

எட்டு மணியோடு அவருடைய அலுவல் முடிந்துவிடுகிறது. மாலையில்தான் மறுபடியும் வேலை. ஆயினும் இந்த ஆண்டு பங்குனி பிறந்ததிலிருந்து அவர் உடனே வீட்டுக்குப் போவதில்லை. சைக்கிளைத் தேநீர்க் கடையில் சாத்திவிட்டு, பதினேழு தெருக்களையும் கால்நடையாகச் சுற்றுகிறார். வேப்பமரங்கள் பூத்து, காற்றில் ஒரு மெல்லிய கசப்பு கலந்திருக்கும் நாள்கள் இவை. புங்கமரத்தடிகளில் பொரி கொட்டியதுபோல் பூ உதிர்ந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற பின் காலை நடைக்கு அதே தெருக்களில் செல்லும் நான், மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடப்பேன். அவர் மண்ணைப் பார்த்தபடி நடப்பார்.

“மழ காலத்துல ஊரே ஒழுவும், ஒண்ணும் தெரியாது. கத்திரியில கசிஞ்சது கசிஞ்ச எடத்துலியே ஆவியாப் பூடும். பங்குனியிலதான் மண்ணு உள்ளத உள்ளபடி சொல்லும்.”

அது எவ்வாறு சொல்லும் என்பதை அவரோடு நடந்துதான் தெரிந்துகொண்டேன். சுற்றிலும் அருகம்புல் வெளுத்திருக்க, இரண்டு முழ நீளத்துக்கு மட்டும் பச்சையாய் இருந்தால், அங்கே உட்கார்ந்துவிடுவார். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பூ இல்லாத வெறும் மண்ணில் கூடியிருந்தால், அங்கும் உட்கார்வார். மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. நிழலை விட்டுவிட்டு அது வெயிலில் படுத்திருந்தால், “அடியில குளுந்து கெடக்குதுன்னு அர்த்தம்” என்பார்.

தேநீர்க் கடை ஜெயத்துக்கு இது பெரிய வேடிக்கை. “இன்னாண்ணே, இன்னிக்கி எந்தக் குளவி பின்னால? கண்ணாலமான புதுசுல எங்க பார்வதியண்ணி பின்னாலகூட இப்புடிப் போயிருக்கமாட்ட.”

தணிகாசலம் அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, நிதானமாக விடை சொல்வார்: “ஒங்கண்ணி எங்க போனாலும் சத்தம் வரும், ஜெயம். தேடவே வாணாம்.”

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். விடைக்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் கவனித்தேன். ஒரு நாள் மிதிவண்டியில் போனபோது, அவருக்குப் பின்னாலிருந்து மணியை ஆறு முறை அடித்தும் அவர் ஒதுங்கவில்லை. இறங்கி அருகில் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பியவர் என் கையையும் மணியையும் பார்த்தார். பிறகு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

“ஊட்ல பார்வதிக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கு. வேற யாருக்கும் தெரியாதுங்க.”

அவர் தொழிலுக்குச் சாவி ஒரு கை என்றால், கம்பி மறு கை. குழாயில் நீர் ஓடும் நேரத்தில் நாலடி நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, குமிழ் வைத்த மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்பார். அந்நேரம் தெருவில் வண்டிச் சத்தம் கூடாது. பூமிக்கடியில் நீர் கசிந்தால், ‘பச்சப்புள்ள மூச்சு வுடற மாதிரி’ ஓர் ஒலி வரும் என்பது அவர் சொல். நீர் ஓடும்போது ஓட்டை வழியே வெளியே கசியும். நீரை நிறுத்தியதும் அதே ஓட்டை வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே புகும். ஆகையால் கசிவைக் கண்டுபிடிப்பது நீரை மிச்சம் பிடிக்க மட்டுமன்று.

சென்ற ஆண்டு, இரண்டாம் குறுக்குத் தெருவில் கம்பி வைத்துக் கேட்டார். ஒலி இல்லை. கசிவு இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் அத்தெருவில் பதினொரு பேருக்கு வாந்திபேதி கண்டது. பத்துப் பேர் பிழைத்தனர். சொல்தா வீட்டுக் கமலவேணியம்மாள் பிழைக்கவில்லை. அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வீட்டு வழக்கப்படி அம்மாள் ஆண்கள் யாரையும் ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘முசே’ என்றுதான் அழைப்பார். தணிகாசலத்தையும், “முசே, தண்ணி இன்னும் எத்தினி நாழி வரும்?” என்றுதான் கேட்பாராம். பின்னர்த் தெருவை வெட்டிப் பார்த்தபோது, தணிகாசலம் கம்பி ஊன்றிய இடத்திலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் ஓட்டை இருந்தது.

“தண்ணி சும்மாக் கெடக்குதுன்னு நெனச்சேன். எங் காதுதான் சும்மாக் கெடந்திருக்குது.”

மேலே சொல்லிவிடலாமே என்றேன்.

“சொன்னா கம்பிய வாங்கிக்குவாங்க. டாங்கிக்கு அடியில நாற்காலி போட்டு ஒக்கார வச்சிடுவாங்க. சம்பளம் வரும், இல்லங்கல. தெரு இருக்காதுங்களே.” வேலியோரப் புல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “கண்ணு இருக்குதில்ல. ஒரு பங்குனி பாத்துடறேன்” என்றார்.

குளவியைத் தொடர்ந்த அன்று எட்டாவது நடையில் அவர் மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கு முன் தார் போட்ட சாலை. தாரும் மண்ணும் சேரும் ஓரத்தில் ஒரு கோடு பச்சை. குளவி அங்குதான் இறங்கிற்று. செவலை நாய் அதனருகே வெயிலில் படுத்திருந்தது. ஒன்றரைச் சாண் தள்ளிச் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நீர் திறந்திருக்கும்போது அவர் கம்பியை ஊன்றிக் குமிழை என்னிடம் நீட்டினார். கேட்டேன். எழுபதை நெருங்கும் என் காதுக்கு ஏதோ கேட்டதுபோலவும் இருந்தது, கேளாததுபோலவும் இருந்தது. அதையே சொன்னேன். இளநிலைப் பொறியாளர் இளஞ்செழியன் பார்வையிட வருவதாக இருந்தது. அவரிடம் கேட்டது என்றே சொல்லிவிடுங்கள், தவறில்லை, தோண்டினால் தெரிந்துவிடப்போகிறது என்றும் சொன்னேன். நாற்பது ஆண்டுகளில் மாணவர்களுக்கு ஒருபோதும் சொல்லாத அறிவுரை அது.

அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “போன வருசம் கேக்கலன்னேன். இப்ப கேட்டுதுன்னா, அதுவும் அதே காதுதானங்க.”

ஏழரை மணிக்கு இளஞ்செழியன் வந்தார். முப்பது வயதுக்குட்பட்டவர், மரியாதை தெரிந்தவர். சாலையோரப் பசும்புல்லைப் பார்த்தார், புதுச் சாலையைப் பார்த்தார்.

“கம்பி வச்சீங்களா?”

“வச்சேன் சார்.”

“கேட்டுதா? நீங்க கேட்டுதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நாளைக்கே வெட்டிடலாம். புல்லு மொளச்சிருக்குன்னு எழுதி நான் மேல அனுப்ப முடியாதுங்க, புது ரோடு.”

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, கைப்பிள்ளைக்கு அந்த நீரிலேயே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொறியாளரின் பக்கம் திரும்பினார்.

“எனக்குக் காது கேக்காது சார். ரெண்டு வருசமாவே கேக்கல. போன வருசம் கசிவு இல்லன்னு எழுதிக் குடுத்தனே, அதுவும் கேக்காத காத வச்சிக்கினு எழுதிக் குடுத்ததுதான்.”

பக்கத்துக் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஜெயத்தின் கை பாதி உயரத்தில் நின்றது.

“நீங்க வச்சிப் பாருங்க சார். சின்னக் காது. தண்ணி எட்டு மணி வரைக்கும் ஓடும்.”

கம்பியின் குமிழைத் தம் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்தார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்; மீண்டும் துடைத்தார். துடைத்துவிட்டு இரு கைகளாலும் நீட்டினார். பொறியாளர் சற்றுத் தயங்கி அதை வாங்கிக்கொண்டு, புதுத் தாரின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார்.

அப்போது செவலை நாய் காதைத் தூக்கிற்று. அது பார்த்த திக்கில் தணிகாசலம் திரும்பினார். செங்கல் ஏற்றிய டெம்போ ஒன்று தெருமுனையில் இரைச்சலோடு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் விரைந்து நடந்து, தெருவின் நட்டநடுவே போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார்.