கஸ்பார் இடுப்பில் செருகிய கொடி

கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் எனக்குச் சமமாக வேலை தெரிந்தவன் ராயபுரத்துக் கஸ்பார் ஒருவன்தான். அவன் ரயில் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து, அவற்றை இணைக்கும் சங்கிலியை மாட்டுவான். அவன் வெளியே வந்த பிறகுதான் நான் இஞ்சினுக்குப் பச்சைக் கொடி காட்டுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் வந்த புதுத் துரை, செலவைக் குறைக்க எங்கள் இருவரில் ஒருவனை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொன்னார். மறுநாளே கஸ்பார் என் கையிலிருந்த கொடியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இன்னா நைனா, கொடிய எங்க எத்துகினு போறே?"

"நான் உள்ள கீறப்போ நீ ஆட்டிட்டா? வேலை உனுக்கு, சவப்பொட்டி எனுக்கு. கம்முனு நில்லு மாமு!"

எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான். அவன் இடத்தில் இருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன்.

சங்கிலியை மாட்டி வெளியே வந்து தானே கொடி காட்டினான். பார்த்துக்கொண்டிருந்த துரை, ஒருவனே போதும் என்று அங்கேயே என்னை நிறுத்திவிட்டார்.

நான் விழுந்து கிடக்கிற ஆள் இல்லை. யார் தயவும் இல்லாமல் மாட்டு வண்டிகள் வாங்கி, அதே யார்டுக்குச் சரக்கு ஏற்றப் போனேன். கஸ்பார் மட்டும் தனியே வேலை பார்த்தான். கொடி அவன் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே புகுமுன், நான் முன்பு நின்ற இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தான்.