எல்லா பில்லிலும் ஒரே நம்பர்

மலைமேல் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் குமரகுருவின் பாத்திரக் கடையை ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் பில் போடும் புவனா தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பல வருஷமாக அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் அவளைப் பற்றி ஊர் வாய்க்கு வந்தபடி பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இங்கே கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போய், பனியிலும் மழையிலும் கிடந்து, மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா படுத்த படுக்கையானாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று புவனா கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. காலையில் கடை திறந்ததும், "தேத்தண்ணி குடிச்சாச்சாக்கா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் அவள் அம்மா ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். மேல்மலைக் கிராமத்து ஜனம் மொத்தமும் இறங்கி வரும். பூண்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடும். குமரகுரு வாங்கி வைத்த கம்ப்யூட்டரோ போன் நம்பர் போடாமல் பில்லைத் துப்பாது. நம்பரைக் கேட்டால் சிலர், "எதுக்கும்மா அதெல்லாம்?" என்று முறைப்பார்கள். பெண்கள் புருஷன் நம்பர் தெரியாமல் விழிப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள்.

"உன் நம்பரைப் போட்டு வெரசா அனுப்பும்மா. கூட்டம் நிக்குதுல்ல?" என்றான் குமரகுரு ஒருநாள். அவள் போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். விரல் தானாகவே அவள் நம்பரை அடித்துவிடும். அதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை, புவனா போனை நீட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"இந்தக் கம்பெனிக்காரனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாக்கா? ஒரே மெசேஜை அனுப்பிக்கிட்டே கெடக்கான்."

இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொன்னேன். நீங்கள் வாங்கிய வெந்நீர் ஹீட்டர் ராடில் கோளாறு இருக்கிறது, கைப்பிடி மூட்டு விரிந்து வாளித் தண்ணீரில் கரண்ட் பாயலாம், உடனே நிறுத்திவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறோம் என்று எழுதியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது. விற்ற ராடு ஒவ்வொன்றுக்கும், பில்லில் இருந்த நம்பருக்கு ஒரு மெசேஜ். அத்தனையும் அவளுக்கே.

புவனா அங்கே நின்றபடியே கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை குழைந்து பேசியது. "உங்க ஏரியாவுல எல்லா கஸ்டமருக்கும் மெசேஜ் டெலிவரி ஆயிருச்சுங்க மேடம்."

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் மலையில் பிள்ளை பெற்றவளைத் தாய்வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது, வெந்நீருக்கு வழி செய்து அனுப்புவது அண்ணன் தம்பி பொறுப்பு. குளிர் அப்படி. முன்பெல்லாம் அடுப்பில் ஏற்றச் செம்புத் தவலை வாங்கினார்கள், இப்போது ஸ்டீல் வாளியும் ஹீட்டர் ராடும். அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் ராடு அடுத்துப் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்விடும். வாங்கினவன் ஓரிடம், ராடு வேறிடம். அது பில்லைப் பார்த்துப் போவதில்லை, பிள்ளையைப் பார்த்துப் போகிறது.

புவனா அந்த வழியிலேயே போனாள். கைக்குழந்தை எந்தெந்த வீட்டில் என்று அங்கன்வாடி டீச்சர்களைக் கேட்டாள். பஸ் கண்டக்டர்களிடம் சொல்லிவிட்டாள். கடை அடைத்த பிறகும், சாப்பாட்டு நேரத்திலும் அலைந்து, பக்கத்து ஊர்களில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்து கோணிப்பையில் போட்டாள். "நல்லாத்தானே சுடுது, இதை ஏன் தூக்கிட்டுப் போறே?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்தே விட்டார்கள்.

வெளியூருக்குப் போகத்தான் லீவு வேண்டியிருந்தது. கேட்டாள். "கம்பெனி பாத்துக்கும். உனக்கெதுக்கு இந்தச் சோலி? சந்தை முடிச்சுட்டுப் போ" என்றான் குமரகுரு. கொடுத்திருக்கலாம், பாவி. அந்த வாரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சந்தையும் முடிந்தது. அதற்கடுத்த நாள் வெள்ளனே பூம்பாறை பஸ்ஸில் ஏறினாள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். பூம்பாறைக்காரர் ஒருவர் வாங்கின ராடு மட்டும்தான் பாக்கி. "தங்கச்சியையும் பிள்ளையையும் பெரும்பாறையில மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லி வாங்கினாருக்கா. வாளியைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. பேரைத்தான் கேக்காம விட்டுட்டேன்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில், தங்கச்சியைப் பெரும்பாறையில் கொடுத்தவர் யார் என்று விசாரித்ததும், "செல்லப்பாண்டியையா கேக்குறீங்க?" என்று ஒரு பையன் வீட்டைக் காட்டினான். வாசலில் பூண்டுத் தாள் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஓயாமல் அழுதது.

புவனாவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. மூச்சு வாங்கப் பேசினாள். "அண்ணே, எங்க கடையில ஹீட்டர் ராடு வாங்குனீங்கள்ல? அதுல கோளாறு இருக்காம். தங்கச்சிகிட்டச் சொல்லி உடனே நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி வள்ளி வெள்ளிக்கிழமையே போயிட்டாம்மா" என்றார். "பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணி வெச்சிருக்கா. சூடு பாக்கக் கையை விட்டிருக்கா. பிள்ளை பாயில கெடந்துச்சு. அதுனால பிள்ளை தப்பிச்சுச்சு."

புவனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள். எப்போது தெரியும் என்று அவர் கேட்டபோது, "அதுக்கு முந்தின திங்கக்கிழமைங்கண்ணே" என்றாள். அவள் கையைப் பிடித்து நான் அழுத்தினேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால், ஒரு அடி அடித்திருந்தால்கூட, எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒரு போன் பண்ணிருக்கலாமேம்மா. நாலு நாளு இருந்திருக்கு."

"உங்க நம்பர் இல்லைங்கண்ணே."

"நீங்க கேக்கலையேம்மா." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "அன்னைக்கும் இந்தப் போனு என் பையில தானே கெடந்துச்சு. கேட்டிருந்தா சொல்லிருப்பேனே. தங்கச்சிக்கு வாங்குற சாமானுக்கு நம்பர் சொல்ல எனக்கென்ன கஷ்டம்?"

புவனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர் இன்றைக்கு என்னவோ பேசுகிறது. அவள்தான் கொன்றாள் என்கிறார்கள். அத்தனை வீட்டிலிருந்து அவள் பிடுங்கி வந்த ராடுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த வாசலில், அந்தக் குழந்தை அழும்போது, எனக்கும் அவளுக்காகப் பேச ஒரு வார்த்தை வரவில்லை.

செல்லப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பயாச்சும் எழுதிக்கங்கம்மா" என்றார்.

புவனா போனை எடுத்தாள். அவர் பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"பதிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"பதிஞ்சிருச்சுங்கண்ணே" என்றாள்.