செய்தி இல்லாதோர் பட்டியல்

எங்களைக் கனடாவுக்கு அழைத்தவர்கள் மென்னோனைட் கிறிஸ்தவர்கள். துவக்கைத் தொடமாட்டோம், போருக்குப் போகமாட்டோம் என்று பிடிவாதமாக நின்று, அதற்காகவே ரஷ்யாவில் அடிபட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். மொன்றியலில் அவர்களுக்கு ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. நாங்கள் சைவக்காரர், அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

அவர்களிடம் தடித்த பதிவேடு ஒன்று. ரஷ்யாவில் விடுபட்டு, என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களை ‘செய்தி இல்லாதோர்’ என்று அதில் எழுதி, கார்த்திகையில் ஒரு ஞாயிறு எல்லோரும் எழுந்து நிற்க வாசிப்பார்கள். வந்த முதல் வருடமே அம்மா, ஊரில் சண்டைக்குள் தொலைந்த அண்ணையின் பெயரையும் எழுதுவித்தார். ஜெர்மன் பெயர்களுக்கு நடுவில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெயர். முப்பது வருடத்துக்கு மேல், வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரை அவர்கள் பாடுபட்டு வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் கதவைத் திரும்பிப் பார்ப்பேன். விசர்ப் பைத்தியம்தான், வேறென்ன! அண்ணை ஷெல்பட்டு விழுந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அம்மாவிடம், ஓடிய சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

போன வருடம் தேவாலயத்தை மூட முடிவெடுத்தார்கள். வர ஆட்கள் இல்லை. பதிவேட்டைக் கணினியில் ஏற்ற, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு நானும் நிலக்கீழ் அறையில் உட்கார்ந்தேன். அண்ணையின் வரி வந்ததும், புதுச் செய்தி ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லாக் குடும்பத்திடமும் கேட்கிற கேள்விதான். நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அவர் தன் மாமாவின் வரியைக் காட்டினார். ரஷ்யப் பொலிஸ் பிடித்துப்போன ஒரு கிழமைக்குள்ளேயே அவரைச் சுட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும் அரசாங்கக் கடதாசி வந்து சேர்ந்தபோது, மாமாவின் மனைவி நாற்பது வருடம் காத்திருந்து செத்தும் போயிருந்தார். கண்டவர்கள் யாராவது இருந்திருப்பார்கள், சொல்லவில்லை என்றார் ஆசிரியை. அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுற்றிவளைக்க எனக்குத் தெம்பில்லை.

“அம்மா, அண்ணை செத்துப்போனார். நான் பாத்தனான்.”

அம்மா அழவில்லை. கையிலிருந்த கீரையை மேசையில் வைத்தார்.

“உடனேயோ?”

“இல்லை.”

“தண்ணி கேட்டவனே?”

“ஓம்.”

குடுத்தனியோ என்று அம்மா கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை, திரும்பிப் பாராமல் ஓடினேன். அம்மா மெல்ல எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

என்னால் குடிக்க முடியவில்லை.